பழைய அவுட்போர்டு எஞ்சினுக்கு எந்த பெயிண்ட்?

எஞ்சின் என்றாலே எல்லோருக்கும் சூடுதான் நினைவுக்கு வருகிறது. அறுபதுகளில் ஓடிய ஒரு ஜான்சன் அல்லது எவின்ரூட் படகு எஞ்சின் கைக்குக் கிடைத்துவிட்டால், ஹார்டுவேர் கடையில் முதலில் தேடுவது ‘600 டிகிரி தாங்கும்’ என்று எழுதிய ஸ்பிரே டப்பாவைத்தான். அவுட்போர்டுக்கு அது பெரும்பாலும் வீண்.

படகின் பின்பலகையில் தொங்கும் இந்த எஞ்சின், கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் உள்ள மாடல்களில் அது பொதுவாக 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே திறந்துவிடும். எஞ்சினின் வெளிப்பரப்பு 100 டிகிரியைத் தாண்டினால் கவலைப்பட வேண்டியது பெயிண்டைப் பற்றி அல்ல, தண்ணீர் பம்பைப் பற்றி. புகைக்குழாய்களுக்கான அந்த 600 டிகிரி சிலிக்கோன் பெயிண்டோ, 200 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் முழுதாக இறுகும். அந்தச் சூடு இங்கே வரப்போவதில்லை. பார்ப்பதற்குக் காய்ந்த மாதிரி இருக்கும், பெட்ரோல் நனைந்த துணியால் துடைத்தால் துணியோடு வந்துவிடும்.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? பெட்ரோல், உப்பு, வெயில் ஆகிய மூன்றுக்கு.

பெட்ரோலைத் தாங்குமா என்பது, பெயிண்ட் எப்படிக் காய்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண அக்ரிலிக் ஸ்பிரேயில் நடப்பது வெறும் ஆவியாதல். கரைப்பான் பறந்துபோகும், நீண்ட மூலக்கூறு இழைகள் இடியாப்பம் போல ஒன்றின்மேல் ஒன்று சிக்கிக் கிடக்கும், அவ்வளவுதான். இழைக்கும் இழைக்கும் இடையே வேதிப்பிணைப்பு கிடையாது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் இழைகள் மறுபடி நழுவத் தொடங்கும். அல்கைட் எனாமல் ஒரு படி மேல். காற்றின் ஆக்ஸிஜனை வாங்கி இழைகளைப் பிணைத்துக்கொள்கிறது, ஆனால் மெதுவாக. இறுக்கும் திரவமான ஹார்டனரைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பாலியூரித்தேனில்தான், ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஒரே வலையாக்குகிறது. அந்த வலையைப் பெட்ரோலால் கரைக்க முடியாது.

அதற்கு விலை உண்டு. ஐசோசயனேட் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். மருந்துக்கடை முகக்கவசம் இதற்கு உதவாது, வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அடிக்கவும் கூடாது. சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் கார்களுக்கு ஸ்பிரே செய்யும் பட்டறைகளில் இதற்கான அறையும் காற்றுக் குழாய் முகமூடியும் இருக்கும். பழைய பெயிண்டைச் சுரண்டி, சுத்தம் செய்யும் வேலையை நாமே முடித்துக்கொண்டு, அடிக்கும் வேலையை மட்டும் அவர்களிடம் விடுவதுதான் என் யோசனை.

உண்மையில் பெயிண்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தச் சுத்தம் செய்யும் வேலைதான். அவுட்போர்டின் உடம்பு அலுமினிய வார்ப்பு. அலுமினியம் காற்றுப் பட்டவுடனே சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்ஸைடு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். அது உலோகத்துக்குக் காவல், பெயிண்டுக்கோ பிடிமானம் தராத தரை. போதாக்குறைக்கு, கடல்நீரின் குளோரைடு அந்தப் போர்வையைத் துளைத்து, கீறல் விழுந்த இடத்தில் பெயிண்டுக்கு அடியில் புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல அரித்துக்கொண்டே போகும். அதனால்தான் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. ஒரு வழி, பாஸ்போரிக் அமிலமுள்ள எட்ச் பிரைமர். அது ஆக்ஸைடைச் சற்றே அரித்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வழி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டு உடனே எபாக்ஸி பிரைமர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று அடித்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். எட்ச் பிரைமரில் மிஞ்சும் அமிலம் எபாக்ஸியின் ஹார்டனரைக் கெடுத்துவிடும். மேல்மூடி ஃபைபர்கிளாஸ் என்றால் அதற்கு எட்ச் பிரைமரால் பயனில்லை.

சுரண்டும்போது அடியில் மஞ்சள்-பச்சைப் பூச்சு தெரிந்தால் நிறுத்துங்கள். பழைய ஸிங்க் குரோமேட் பிரைமராக இருக்கலாம். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. தூசி பறக்காமல் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பெயிண்டை உரிக்கலாம் என்ற குறுக்குவழியும் வேண்டாம், அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. சிங்கப்பூரில் விடிகாலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். 26 டிகிரி, 90 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரிக்குச் சற்று மேல். இரண்டுக்கும் இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்தால் ஈரம் படிந்து, பெயிண்ட் வெளுத்துப்போகும். ஐசோசயனேட்டோ அந்தத் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்ஸைடை விடும். குமிழி கிளம்பும், பளபளப்பு போகும். அதே நாள் பிற்பகலில் 32 டிகிரி, 60 சதவீதம் என்றால் பனிநிலை 23 டிகிரி அளவில்தான், இடைவெளி எட்டுக்கும் மேல். உலோகம் பனிநிலையைவிட மூன்று டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது கப்பல் பெயிண்டிங்கில் வழக்கமான விதி. துவாஸ் கப்பல் யார்டுகளில் பெயிண்டிங் பார்த்த நம் ஆட்களைக் கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏர்கான் அறையில் வைத்திருந்த எஞ்சினை வெளியே கொண்டுவந்த கையோடு அடிப்பது இந்த விதியை மீறும் சுலபமான வழி.

வெயிலைப் பொறுத்தவரை, எபாக்ஸியை மட்டும் நம்ப முடியாது. புற ஊதாக் கதிர் பட்டால் மாவு மாவாக உதிரும். மேல்பூச்சாக, வெயிலைத் தாங்கும் அலிஃபாட்டிக் வகைப் பாலியூரித்தேன் இருந்தால் போதும்.

படகின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க வாங்கி மிஞ்சிய சிவப்பு ஆன்டிஃபவுலிங் பெயிண்டை, தண்ணீருக்குள் இருக்கும் எஞ்சினின் காலில் தடவும் ஆசை வரும். அதில் தாமிரம் இருந்தால் தொடவே வேண்டாம். உப்புநீரில் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்தால் மின்கலம், அரிக்கப்படுவது அலுமினியம். அந்தக் கேட்டைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் துத்தநாகக் கட்டியின்மேலும் பெயிண்ட் அடிக்கக் கூடாது. மூடிவிட்டால் அதற்கு வேலையே இல்லை.

நிறத்துக்கு, வெயிலில் வெளுத்த மூடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய ஸ்டிக்கருக்கு அடியிலோ கிளாம்புக்குப் பின்னாலோ அசல் நிறம் ஒளிந்திருக்கும். அந்தத் துண்டைக் கார் பெயிண்ட் கடையில் கொடுத்தால் கருவியால் அளந்து கலந்து தருவார்கள். அடித்தபின் ஒரு வாரமாவது பெட்ரோல் படாமல் வைத்திருங்கள். தொட்டால் ஒட்டாத நிலை மறுநாளே வந்துவிடும், ஆனால் உள்ளே வலை பின்னி முடிய அவ்வளவு நாள் பிடிக்கும்.