மொழியியல்: நாலு மொழி பேசுவதற்குப் பெயர் அல்ல

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சென்னையில் கல்லூரி விளம்பரங்கள் கிளம்பும். ‘அயல்நாட்டு மொழியியல்’ என்ற சொல்லும் கூடவே கிளம்பிவிடும். உள்ளே பார்த்தால் பி.ஏ. பிரெஞ்சு.

லத்தீனில் ‘லிங்குவா’ என்றால் நாக்கு. மொழிக்கும் அதுதான் பெயர். அதிலிருந்து வந்த லிங்விஸ்டிக்ஸை, அதாவது மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் துறையை, முன்பு மொழிநூல் என்றார்கள், பிறகு மொழியியல் நிலைத்தது. இரண்டும் நல்ல சொற்களே. இயல் என்றால் தன்மை. எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியம் சொல்லும் பகுதிக்குப் பெயர் பிறப்பியல்.

‘எல்லாப் படிப்புக்கும் இயல் போடுகிறோமே, இதற்குப் போட்டால் என்ன?’ என்கிறார்கள் விளம்பரக்காரர்கள். நீச்சல் பழகுவதை நீரியல் என்று யாரும் சொல்வதில்லையே! ஜெர்மன் வகுப்பில் மேசை ஆண்பால், கதவு பெண்பால், புத்தகம் இரண்டுமில்லை: டெர் டிஷ், டீ டூயர், தாஸ் பூஹ். மனப்பாடம் செய்யாமல் ஒரு வாக்கியம் நகராது. மொழியியல் வகுப்பில் கேள்வியே வேறு. உயிரில்லாத மேசைக்கு ஜெர்மன் ஏன் ஆண்பால் கொடுக்கிறது, தமிழ் ஏன் ஆண், பெண் பிரிவை உயர்திணையோடு நிறுத்திக்கொள்கிறது? இதை ஆராய ஜெர்மனில் காபி கேட்கத் தெரிய வேண்டியதில்லை. தமிழே போதும்: கல், தங்கம், பகல் மூன்றிலும் எழுத்து ககரம், ஓசை மூன்று விதம். ஆனாலும் நம் காதுக்கு ஒன்றாகவே படுகிறது. அதற்குத்தான் சொற்கள்: ஒன்றாகப் படுவது ஒலியன், அதன் வெவ்வேறு ஓசைகள் மாற்றொலிகள். பிரெஞ்சு பேசும் ஆசையில் உண்மையான மொழியியல் துறைக்குப் போய்ச் சேரும் பிள்ளை, ஒலியனியல் (ஒலி அமைப்பு), உருபனியல் (சொல் அமைப்பு), தொடரியல் (வாக்கிய அமைப்பு) என்று தாள்களைப் பார்த்ததும் மிரண்டுபோகும்.

மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் கூத்து இன்னொன்று. ஏழு மொழி பேசுபவர் ‘மொழியியலாளர்’ ஆகிவிடுகிறார். ஆங்கிலத்தில் ‘லிங்விஸ்ட்’ இரண்டு பொருளையும் சுமக்கிறது; அந்தக் குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? பன்மொழிப் புலவர் என்ற சொல் இருக்கிறது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனாருக்கு அந்தப் பட்டம். அவர் மொழியியல் அறிஞரும்கூட. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்ததால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குப் பேச்சைப் பெயர்த்துச் சொன்ன பழைய சென்னையின் துபாஷிகளை மொழியியலாளர் என்றால் சிரிப்பார்கள்.

பிரெஞ்சு கற்றுத்தருகிறீர்களா, ‘பிரெஞ்சு இளங்கலை’ என்றே போடுங்கள். பல மொழிக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் ‘அயல்மொழிப் படிப்பு’. சேரப்போகிறவர்கள் விளம்பரத்தை விட்டுவிட்டு முதல் இரண்டு செமஸ்டர் தாள்களின் பெயர்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்: தொடரியலும் ஒலியனியலும் இருந்தால் மொழியியல்; இலக்கியம், உரையாடல், மொழிபெயர்ப்பு என்றிருந்தால் மொழிப் படிப்பு.