தேவ சித்தமா, தேவ திட்டமா?

மூன்று நாள் வாலிபர் முகாம். பேச வந்தவர் ஆங்கிலத்தில் பேசினார், பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். அவர் 'வில்' (will, அதாவது சித்தம்) என்ற ஒவ்வொரு முறையும் இவர் வாயில் வந்தது 'திட்டம்'. உங்கள் படிப்புக்குத் தேவ திட்டம், வேலைக்குத் தேவ திட்டம், கல்யாணத்துக்குத் தேவ திட்டம். அதைத் தவறவிட்டால் மிஞ்சுவது இரண்டாந்தர வாழ்க்கை.

கடைசி நாள் மதியப் பந்தியில் என் சித்தப்பா மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைந்தாளே தவிர சாப்பிடவில்லை. "அண்ணே, வேலூர்ல ஒரு வேலை, பாளையங்கோட்டைல ஒரு வேலை. ரெண்டும் நர்ஸ் வேலைதான். தேவ திட்டம் எதுன்னு தெரியல. நாளைக்குள்ள பதில் போடணும்" என்றாள். உபவாசம் இருந்திருக்கிறாள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தும் பார்த்திருக்கிறாள். லேவியராகமத்தில் குஷ்டரோகத்தைப் பற்றிய அதிகாரம் வந்திருக்கிறது. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் குஷ்டரோக மருத்துவமனை இருப்பதால் இது வேலூரைத்தான் காட்டுகிறதோ என்று இரண்டு நாள் தூங்காமல் யோசித்திருக்கிறாள்.

அன்றைக்குத்தான் இந்தச் சொல்லைப் பற்றி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சித்தம், 'சித்த' என்ற வடசொல். மனம், எண்ணம், மனதின் நாட்டம் என்பது பொருள். சித்தம் கலங்குதல், சித்தப்பிரமை எல்லாம் இதிலிருந்து வந்தவை. 'சித்தமாக இரு' என்று ஆயத்தத்தைச் சொல்கிறோமே, அது 'ஸித்த' என்ற வேறு சொல்; தமிழில் இரண்டும் ஒரே வடிவமாகிவிட்டன. 'உங்கள் சித்தம், என் பாக்கியம்' என்று பெரியவர்களிடம் சொல்லும்போது சித்தம் என்றால் என்ன என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. உங்கள் மனதுக்கு எது பிரியமோ அது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் தெலேமா. விரும்புதல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். சித்தம் அதற்குப் பொருத்தமான சொல்தான்.

திட்டம் வந்த வழி வேறு. பழைய வழக்கில் 'திட்டமாய்' என்றால் துல்லியமாய், ஐயமில்லாமல். லூக்கா தன் சுவிசேஷத்தை 'ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்து' எழுதியதாகச் சொல்வது இந்தப் பொருளில்தான். இன்று நம் காதில் விழும் திட்டம் 1951இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தின் திட்டம், வீட்டு வசதித் திட்டத்தின் திட்டம். அதில் இலக்கு உண்டு, படிகள் உண்டு, காலக்கெடு உண்டு. ஒரு படி தவறினால் திட்டம் தோற்றது.

இந்த இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குஷ்டரோகி வந்து, "ஆண்டவரே! உமக்குச் சித்தமானால், என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்கிறான். இயேசு கையை நீட்டி அவனைத் தொட்டு, "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு" என்கிறார். அந்த இடத்தில் 'எனக்குத் திட்டமுண்டு' என்று வையுங்கள். அவனைத் தொட்ட கை ஒரு கோப்பில் கையெழுத்துப் போடும் கையாகிவிடும். கெத்செமனேயில் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்கிறார் ஆண்டவர். 'என்னுடைய திட்டத்தின்படியல்ல' என்றால் அந்த இரவின் வியர்வையும் வேதனையும் எங்கே போகும்? இரண்டு மனங்கள், மகனுடையதும் தகப்பனுடையதும், அந்த வாக்கியத்தில் நிற்கின்றன. மனதைக் குறிக்கும் சொல் இல்லாமல் அதை எப்படிச் சொல்வது?

"தேவனுக்குத் திட்டமே இல்லையா?" என்று முகாமில் ஒரு தம்பி கேட்டான். உண்டு. அதற்கு நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் தனிச்சொற்கள் வைத்திருந்தார்கள். எபேசியர் முதல் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் மூன்று சொற்கள்: 'தமது சித்தத்தின் ஆலோசனைக்குத்தக்கதாக எல்லாவற்றையும் நடப்பிக்கிற அவருடைய தீர்மானத்தின்படியே.' சித்தம் தெலேமா, ஆலோசனை பூலே, தீர்மானம் புரோதெசிஸ். மூன்றையும் பிரித்துக் காட்ட எவ்வளவு கவனம் வேண்டியிருந்திருக்கும்! அதை எல்லாம் ஒரு 'திட்ட'த்துக்குள் போட்டு அமுக்குகிறோம். அந்தத் தீர்மானம் அவருடையது. அதை முன்கூட்டியே துப்பறியும்படி யாருக்கும் கட்டளை இல்லை. 'மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்' என்று உபாகமம் 29இல் மோசே எல்லைக்கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நம்மிடம் கேட்கப்படும் சித்தமோ வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டுமென்பதே தேவனுடைய சித்தம். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்வது தேவனுடைய சித்தம். இரண்டும் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபத்தில் இருக்கின்றன. வேலூரா பாளையங்கோட்டையா என்பது எந்த நிருபத்திலும் இல்லை.

'திட்ட'க்காரர்கள் தவறாமல் எடுக்கும் வசனம் எரேமியா 29:11. புதிய மொழிபெயர்ப்புகளின் வழியாக அது 'உங்களுக்கான திட்டங்கள்' என்று சுவர்க் காலண்டர் வரைக்கும் வந்துவிட்டது. 1871இல் வெளிவந்த, போவர் குழு மொழிபெயர்த்த நம் பழைய வேதத்தில் அது 'நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள்'. எபிரெயச் சொல்லும் நினைத்தல் என்ற வேரிலிருந்து வந்ததே. இது பாபிலோனில் சிறையிருந்த ஜனத்துக்குப் போன கடிதம், எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்று சொன்ன கடிதம். அதுவரை என்ன செய்வது? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள். எந்தத் தெருவில் வீடு, எந்த மரத்தை நடுவது, யார் வீட்டுப் பெண் என்று ஒரு வரியும் இல்லை.

நியாயப்பிரமாணவாதம், அதாவது சட்டங்களைக் கைக்கொள்வதே பக்தி என்ற எண்ணம், என்றவுடன் நமக்கு நகை போடாதே, பூ வைக்காதே என்ற சண்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன. பவுல் 'தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே' என்று எடுத்துக்காட்டிக் கண்டித்தது அவற்றையே என்று நினைத்து நிறுத்திக்கொள்கிறோம். தேவன் கட்டளையிடாத இடத்தில் கட்டளை இருப்பதாக நம்பி நடுங்குவதும் நியாயப்பிரமாணவாதம்தான். நகையைப் பற்றிய சட்டமாவது வெளியே தெரியும், எதிர்த்துப் பேசலாம். 'திட்டம்' என்ற எழுதப்படாத சட்டத்தை எதிர்த்து யாரிடம் பேசுவது? ஏதேனில் விலக்கப்பட்டது ஒரு மரம். மற்ற மரங்களைப் பற்றிச் சொன்னது, 'புசிக்கவே புசிக்கலாம்.' அந்த ஏகாரத்தில் எத்தனை தாராளம்! காலையில் ஆதாம் எந்தக் கனியைப் பறிக்க வேண்டும் என்று தனியாக ஒரு சித்தம் இருந்ததாக வேதம் சொல்லவில்லை.

சித்தம் வடசொல்லாயிற்றே, நல்ல தமிழ் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. திருவுளம். கத்தோலிக்கர்கள் 'உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவதுபோல' என்றே ஜெபிக்கிறார்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் அதுவே. உளம் என்று அதிலும் மனம் உட்கார்ந்திருக்கிறது. விருப்பம் என்பதும் தவறில்லை, ஆனால் விருப்பப் பாடம் அளவுக்கு இலேசாகிவிட்டது. திருவுளத்திலும் ஒரு வாசனை உண்டு: திருவுளச்சீட்டு, தேவ சித்தத்தை அறியச் சீட்டுப் போட்டுப் பார்ப்பது. அதற்கு நம் பதில் அப்போஸ்தலர் நடபடிகளிலேயே கிடைக்கும். முதல் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு ஆளைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போட்டார்கள், அது மத்தியாவுக்கு விழுந்தது. ஆவியானவர் இறங்கியபின் அந்தப் புத்தகத்தில் சீட்டு இல்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் கூடிப் பேசி, 'பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது' என்று எழுதினார்கள். 'எங்களுக்கும்' என்று எழுத அவர்கள் கூசவில்லை. பவுல் தீத்துவுக்கு எழுதும்போது, நிக்கொப்போலியில் மாரிகாலத்தில் தங்கத் தீர்மானித்திருக்கிறேன் என்கிறார். சொப்பனம் கண்டதாகச் சொல்லவில்லை, தீர்மானித்தார்.

மேடை மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. வேகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரோமர் 12:2ஐ மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள். 'தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று பகுத்தறியத்தக்கதாக.' கிரேக்கத்தில் அந்தப் 'பகுத்தறிதல்' பொன்னையும் நாணயத்தையும் உரைத்துப் பார்க்கும் சொல். தமிழ்நாட்டில் பகுத்தறிவு வேறொரு இயக்கத்தின் சொல்லாகிவிட்டதால் சபையில் அதை உச்சரிக்கவே தயங்குகிறார்கள். நம் வேதத்தில் இருக்கும் சொல், நாமே விட்டுக்கொடுத்துவிட்டோம். பகுத்தறியச் சொன்ன இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு விரல் வைக்கிறாள் ஒரு பிள்ளை.

பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்து ஒன்று கொரிந்தியர் 7:39ஐ எடுத்துக் கொடுத்தேன். புருஷனை இழந்தவளுக்குப் பவுல் சொல்வது: 'தனக்கு இஷ்டமானவனாயும் கர்த்தருக்குட்பட்டவனாயுமிருக்கிற எவனையாகிலும்' மணந்துகொள்ள விடுதலையாயிருக்கிறாள். "இஷ்டமானவன்னே போட்டிருக்கா?" என்று இரண்டு தரம் வாசித்தாள். "எவனையாகிலும்னும் போட்டிருக்கு" என்றேன்.

மறுநாள் பாளையங்கோட்டைக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டிலிருந்தே போய் வந்தால் காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போகலாம் என்றாள்.