அப்போப்டோசிஸ்: உயிரணு உதிர்வு

புற்றுநோய் பற்றியோ அல்சைமர் பற்றியோ தமிழில் வரும் கட்டுரைகளில் ‘செல் தற்கொலை’ என்ற தொடர் அடிக்கடி தென்படுகிறது. உயிரணு தன்னுள் இருக்கும் கருவிகளாலேயே ஒழுங்காகச் சிதைந்து சாவதைக் குறிக்கும் அப்போப்டோசிஸ் என்ற கலைச்சொல்லுக்கு ஈடாகத்தான் அதைப் போடுகிறார்கள். ஆனால் இதற்குப் புதுச்சொல் எதுவும் ஆக்கத் தேவையில்லை. இலையுதிர் காலம் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அந்த உதிர்வுதான் இதன் நேர்ப்பொருள்.

ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி ஆகிய மூன்று நோயியலாளர்கள் 1972-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் இச்சொல்லை இன்றைய பொருளில் முன்வைத்தார்கள். அதற்கு முன் கெர் இதே நிகழ்வைச் ‘சுருங்கு நெக்ரோசிஸ்’ என்ற பொருள்படும் பெயரால் குறித்திருந்தார். அது அரைகுறைப் பெயர். இருக்கும் நோய்ச்சொல் ஒன்றுக்கு அடைமொழி சேர்த்ததோடு சரி. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக் கொடுத்த சொல்தான் நிலைத்தது. ‘அப்போ’ என்றால் விலகி, ‘ப்டோசிஸ்’ என்றால் விழுதல். மரத்திலிருந்து இலையும் காம்பிலிருந்து இதழும் உதிர்வதைக் கிரேக்கர் இப்படிச் சொன்னார்கள். கண்ணிமை தாழ்ந்து தொங்குவதைக் கண் மருத்துவர்கள் டோசிஸ் என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். அங்கே ‘ப்’ ஒலிப்பதில்லை என்பதால் இங்கும் அதை விட்டு ‘அப்போடோசிஸ்’ என்று ஒலிக்கலாம் என்று 1972 கட்டுரையே குறிப்பிட்டது. இரண்டு ஒலிப்பும் இன்று வழக்கில் உள்ளன.

இலையோடு ஒப்பிட்டது வெறும் அழகுக்காக அல்ல. புயலில் கிளை முறிந்தால் அதிலுள்ள இலைகள் காய்ந்து சருகாகும், ஆனால் எளிதில் உதிர்வதில்லை. காம்படியில் பிரிபடலம் உருவானால்தான் இலை உதிரும். அதை உருவாக்க உயிருள்ள திசு வேலை செய்தாக வேண்டும். உயிரணுவிலும் இதே கதைதான். உதிர்வுக்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை. அது முற்றிலும் தீர்ந்துபோன உயிரணுவால் உதிர முடியாது. வீங்கி, சவ்வு கிழிந்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டிச் சாகும். நெக்ரோசிஸ் என்பது இந்தச் சாவு. பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். தமிழில் நசிவு என்பது இதற்குப் பொருந்தும். அழுகல் என்று எழுதினால் கிருமி சேர்ந்த புண்ணோடு குழம்பிவிடும். பக்கவாதத்தில் இரத்தம் அறவே நின்ற நடுப்பகுதியில் பெரும்பாலும் நசிவும், சற்றே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் சுற்றுப்பகுதியில் உதிர்வும் காணப்படுவதற்குக் காரணம் இந்த ஆற்றல் வேறுபாடுதான்.

‘தற்கொலை’யில் என்ன தவறு? உயிரணுவுக்கு விருப்பமும் விரக்தியும் கிடையாது. பல நேரங்களில் சாவுக்கான கட்டளை வெளியிலிருந்தே வருகிறது. நோயெதிர்ப்பு அணு ஒன்று ஃபாஸ் என்னும் ஏற்பியைத் தொட்டு, எதிரே உள்ள உயிரணுவை உதிரச் செய்வதைத் தற்கொலை என்று எப்படிச் சொல்வது? ‘திட்டமிட்ட உயிரணு இறப்பு’ என்பது இதைவிட மேல். ஆனால் அது வேறொரு கலைச்சொல்லின் மொழிபெயர்ப்பு. பட்டுப்பூச்சி இனத்தில் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாக மாறியபின் சில தசைகள் மறைந்துபோவதை ஆராய்ந்த லாக்ஷினும் வில்லியம்ஸும் 1960-களின் நடுவில் பயன்படுத்திய தொடர் அது. வளர்ச்சியின்போது குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் நிகழும் சாவை அது சுட்டும். எந்த வழியில் சாகிறது என்பதைச் சொல்லாது. உதிர்வு வழியைச் சொல்கிறது. ஆகவே உயிரணு உதிர்வு என்பதே என் தேர்வு. இலங்கை வழக்கில் எழுதுபவர்கள் கல உதிர்வு என்று எழுதலாம். ஓர் இடைஞ்சல் மட்டும் உண்டு: தோலிலிருந்து செதிலாகக் கொட்டும் அணுக்களையும் உதிர்கின்றன என்றே சொல்கிறோம். அதைத் தோல் உரிதல் என்று பிரித்து எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

உதிர்வு நடக்கும் விதம் இதுதான். டிஎன்ஏ பழுதுபட்டால் பி53 என்னும் புரதம் பெருகி, பூமா, நோக்ஸா முதலிய சிறு புரதங்களை ஆக்கச் செய்கிறது. அவை பிசிஎல்-2 போன்ற காவல் புரதங்களின் பள்ளத்தில் போய் அமர்ந்து அவற்றை முடக்குகின்றன. காவல் நீங்கியதும் பேக்ஸ், பேக் என்னும் இரு புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிடுகின்றன. அதுவரை மூச்சுத் தொழிலில் எலக்ட்ரான் சுமந்துகொண்டிருந்த சைட்டோகுரோம்-சி அந்தத் துளை வழியே வெளியேறுகிறது. அது அபாஃப்-1 என்னும் புரதத்தோடு சேர, அபாஃப்-1 ஏழேழாகக் கூடிச் சக்கரம்போல் அமைகிறது. அந்தச் சக்கரத்தில் காஸ்பேஸ்-9 விழித்தெழுந்து, காஸ்பேஸ்-3, 7 ஆகியவற்றை வெட்டி முடுக்கிவிடுகிறது. காஸ்பேஸ் என்பது அஸ்பார்டிக் அமிலத்தை அடுத்து வெட்டும் நொதி. நூற்றுக்கணக்கான புரதங்கள் அதற்கு இரை. அவற்றுள் ஒன்று, டிஎன்ஏ வெட்டும் நொதி ஒன்றைக் கட்டிப்போட்டிருக்கும் புரதம். கட்டு அவிழ்ந்ததும் டிஎன்ஏ ஏறத்தாழ 180 முதல் 200 கார இணைகள் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஜெல்லில் ஓட்டினால் ஏணிப்படிபோல் தெரிவது இதுதான். கூடவே, சவ்வின் உட்புறம் மட்டுமே இருக்கவேண்டிய ஃபாஸ்ஃபடிடில்செரின் என்னும் கொழுப்பு வெளிப்புறம் புரள்கிறது. விழுங்கணுக்களுக்கு ‘என்னை எடுத்துக்கொள்’ என்ற அடையாளம் அது. சவ்வு கிழியுமுன்பே உயிரணு துண்டுதுண்டாக விழுங்கப்படுவதால் அழற்சி எழுவதில்லை.

இந்த ஏற்பாட்டின் மரபணு வேரைக் காட்டியது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. அதன் இருபால் உடலில் 1090 உடலணுக்கள் பிறக்கின்றன. 131 உதிர்ந்து 959 எஞ்சுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 அணுக்கள்தான். இதற்காகச் சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் மூவரும் 2002-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

புற்றுநோயில் உதிர்வு தடைபடுகிறது. ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றில் 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிசிஎல்-2 அளவுக்கு மீறி உண்டாகிறது. அந்த மரபணு அணுக்களைப் பெருக்குவதில்லை, சாகாமல் தடுக்கிறது என்று 1988-இல் வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் காட்டியபோதுதான் ‘சாகாமையும் புற்றுக்கு வழி’ என்பது தெளிவாயிற்று. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் பி53 மரபணு பழுதாகியிருக்கிறது.

பிசிஎல்-2-இன் பள்ளத்தில் பூமாவைப் போலவே போய் அமரும் மருந்துதான் வெனடோக்ளாக்ஸ். 2016-இல் நாட்பட்ட லிம்ஃபோசைட் இரத்தப் புற்றின் ஒரு வகைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு முந்திய நாவிடோக்ளாக்ஸ் பிசிஎல்-எக்ஸ்எல் என்ற உடன்பிறப்பையும் சேர்த்துத் தடுத்தது. தட்டணுக்கள் உயிர்வாழ்வது அந்தப் புரதத்தை நம்பித்தான் என்பதால் அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. வெனடோக்ளாக்ஸில் வந்த சிக்கல் வேறு. புற்றணுக்கள் ஒரே நேரத்தில் கூட்டமாகச் சாக, பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் ஏறின. தொடக்க கால ஆய்வுகளில் உயிரிழப்பும் நேர்ந்தது. அதனால்தான் இந்தப் புற்றுக்கு முதல் வாரம் நாளுக்கு 20 மில்லிகிராம், பிறகு வாரந்தோறும் 50, 100, 200 என்று ஏற்றி, ஐந்தாம் வாரத்தில் 400 மில்லிகிராமைத் தொடுகிறார்கள். விழுங்கணுக்களால் அள்ளி முடியாத வேகத்தில் நடந்தால் உதிர்வும் உடலுக்குத் தீங்குதான்.

நரம்புச் சிதைவு நோய்களில்தான் இச்சொல் மிகுதியாகத் தவறாக ஆளப்படுகிறது. நரம்பணு சாகிறது என்றாலே அப்போப்டோசிஸ் என்று எழுதிவிடுகிறார்கள். கருவளர்ச்சியில் அது சரி. தேவைக்கு மேல் பிறக்கும் நரம்பணுக்களில் பல இடங்களில் பாதியளவு, வளர்ச்சிக் காரணிகள் கிட்டாமல் உதிர்ந்துவிடுகின்றன. ஆனால் முதிர்ந்த நரம்பணு அபாஃப்-1 முதலிய கருவிகளைப் பெருமளவு குறைத்துக்கொள்கிறது. ஆயுள் முழுக்க மாற்றின்றி உழைக்கவேண்டிய அணுவுக்கு அதுவே பாதுகாப்பு. அங்கே சாவு வேறு வழிகளில் வருகிறது. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளுட்டமேட் மிகுந்தால், அதை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பி வழியே கால்சியம் வெள்ளமாகப் புகுந்து அணுவைக் கொல்லும். பார்க்கின்சன் நோயில் நடுமூளையின் கருந்திட்டுப் பகுதியில் இரும்பு கூடி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளுட்டாதயோன் குறைகிறது. சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேறிச் சிதையும் ஃபெராப்டோசிஸுக்கு இது தோதான சூழல். ஆக்ஸான் என்னும் நீள்இழைக்கோ தனிச் சாவே உண்டு: சார்ம்-1 என்ற நொதி என்ஏடி மூலக்கூறைத் தின்று தீர்க்க, அணுவுடல் உயிரோடிருக்கும்போதே இழை துண்டாகிவிடுகிறது.

எலிகளில் உதிர்வைத் தடுப்பதாகத் தெரிந்த மினோசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை, இயக்க நரம்பணுக்கள் சிதையும் ஏஎல்எஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. இரும்பை அகற்றும் டெஃபரிப்ரோனைப் புதிதாகப் பார்க்கின்சன் கண்டவர்களுக்குக் கொடுத்த 2022 ஆய்விலும் மருந்து பெற்றவர்களுக்கே நோய்க்குறிகள் மோசமாயின. சாவின் வழி இன்னதென்று பெயர் சூட்டிவிட்டால் மருந்து கிடைத்துவிடும் என்று யாரும் எழுதக்கூடாது.

ஃபெராப்டோசிஸ் 2012-இல் பிறந்த பெயர். நெக்ராப்டோசிஸ், பைராப்டோசிஸ் எல்லாம் அதற்கு முந்தியவை. ‘ப்டோசிஸ்’ என்ற வால் இவற்றில் ஒட்டியிருந்தாலும் உதிர்வின் பொருள் ஏதுமில்லை, சாவு என்பதற்கான குறி மட்டுமே. இவற்றுக்கு உதிர்வு என்று போட்டால் பிழை. இரும்புவழி இறப்பு, நெறிப்பட்ட நசிவு, அழற்சி இறப்பு என்று எழுதலாம்.

ஆய்வறிக்கையைத் தமிழில் எழுதுபவர் எப்போது உதிர்வு என்று எழுதலாம்? வழக்கமான சோதனை அனெக்சின்-5: வெளிப்புறம் புரண்ட ஃபாஸ்ஃபடிடில்செரினில் ஒட்டும் புரதம் அது. ஒரு லட்சம் அணுக்களை 100 மைக்ரோலிட்டர் பஃபரில் கலக்கி, ஒளிரும் அனெக்சினையும், சவ்வு கிழிந்த அணுவுக்குள் மட்டும் புகும் ப்ரோபிடியம் அயோடைடு சாயத்தையும் 5 மைக்ரோலிட்டர் வீதம் சேர்த்து, இருட்டில் 15 நிமிடம் வைத்து, இன்னும் 400 மைக்ரோலிட்டர் பஃபர் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் அணுக்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுவார்கள். அனெக்சின் மட்டும் ஏறியிருந்தால் தொடக்க நிலை உதிர்வு. இரண்டும் ஏறியிருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அனெக்சின் ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும், ஆகவே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ மிச்சமிருந்தால் சோதனை பொய்க்கும். அணுக்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் ட்ரிப்சின் நொதியில் அதிக நேரம் விட்டால் உயிருள்ள அணுவும் கிழிந்து ஒளிரும். இவற்றைவிடப் பெரிய தவறு, வளர்ப்புத் தட்டில் மிதக்கும் அணுக்களைப் பழைய ஊடகத்தோடு கொட்டிவிடுவது. செத்தவை பெரும்பாலும் அங்கேதான் மிதக்கின்றன.

அனெக்சின் மட்டும் போதாது. நசிந்த அணுவின் கிழிந்த சவ்வு வழியாகவும் அது உள்ளே போய் ஒட்டும். டிஎன்ஏ முறிவைக் காட்டும் டியூனெல் சோதனையும் நசிந்த அணுக்களைச் சாயமேற்றிவிடும். காஸ்பேஸ்-3 வெட்டுண்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். காஸ்பேஸ் தடுப்பி போட்டால் சாவு குறைகிறதா என்றும் பார்க்கவேண்டும். தடுப்பி போட்டபின் சாவு குறையாமல் அணுக்கள் வீங்கிச் சாகத் தொடங்கினால், ரிப்க்-3 என்னும் நொதி வழியான நெறிப்பட்ட நசிவு புகுந்திருக்கலாம். இந்தச் சான்றுகள் கையில் இல்லாதவரை ‘உயிரணு இறப்பு’ என்று பொதுவாக எழுதுவதே நேர்மை.