ஓடும்போது சரி, நின்றால் ஆஃப்: பழைய பிக்கப்பின் ஐட்லிங் கோளாறு

ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் 1987 முதல் 1996 வரை வந்த 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் லேசில் சாகாது என்று பேர் வாங்கியது. ஆனால் வயதான வண்டிகள் பலவற்றில் ஒரே தொல்லை: நெடுஞ்சாலையில் நன்றாக இழுக்கும், சிக்னலில் நிறுத்தினால் குலுங்கிக் குலுங்கி ஆஃப் ஆகிவிடும். உடனே பிளக்கை மாற்று, பம்ப்பை மாற்று என்று இறங்கினால் காசுதான் கரையும். வேகத்தில் ஒழுங்காக ஓடுகிறதே, அதுதான் பெரிய துப்பு.

ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்தால் ஆறு சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு 35 முறை வெடிக்கின்றன. இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் சேரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2,100 சுற்றில் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 700-ல் இருக்கும். அதனால் வேகத்தில் தெரியாமல் போகும் ஒரு மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டரில் தீ பிடிக்காமல் போவது), ஐட்லிங்கில் வண்டியையே உலுக்கிவிடும்.

ஐட்லிங்கில், காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடும் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பக்கவழியில் உள்ள ஐட்லிங் வால்வுதான், கம்ப்யூட்டர் சொல்கிறபடி காற்றை அளந்து விடும். அதில் கரி படிந்துவிட்டால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். சோதிப்பது சுலபம். இன்ஜின் ஓடும்போது அந்த வால்வின் கனெக்டரைக் கழற்றுங்கள். சுற்று சட்டென்று இறங்க வேண்டும், அல்லது இன்ஜின் நிற்க வேண்டும். எதுவுமே மாறவில்லை என்றால் முதல் சந்தேகம் வால்வின் மேல்தான்.

அடுத்து வேக்குவம் கேஜ், அதாவது இன்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளக்கும் மானி. என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. நல்ல இன்ஜினில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரசத்தில் ஆடாமல் நிற்கும். சீராகக் குறைந்தே நின்றால் எங்கோ காற்றுக் கசிவு, இல்லாவிட்டால் ஸ்பார்க் தாமதம். சம இடைவெளியில் விழுந்து விழுந்து எழுந்தால், ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு சரியாக மூடவில்லை.

கசிவில் ஒரு வேடிக்கை உண்டு. காற்றை நேரடியாக அளக்கும் இன்ஜின்களில், ரப்பர் குழாய் வெடித்தால் கணக்கில் வராத காற்று நுழைந்து கலவை நீர்த்துப்போகும். ஆனால் நம் 4.9 லிட்டர் இன்ஜின்களில் பெரும்பாலானவை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்தே பெட்ரோல் விடுகின்றன. கசிவால் அழுத்தம் கூடினால் பெட்ரோலும் கூடும்; ஐட்லிங் இறங்காமல் ஏறிவிடக்கூட வாய்ப்புண்டு. கசிவு ஒரு சிலிண்டரின் வாசலை ஒட்டி இருந்தால் மட்டும் அந்தச் சிலிண்டர் தனியாக மிஸ் ஆகும்.

புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈஜிஆர் வால்வையும் விட்டுவிடக் கூடாது. ஐட்லிங்கில் அது முழுக்க மூடியிருக்க வேண்டும். ஒரு துணுக்குக் கரி இடையில் சிக்கினாலும், உள்ளே போகும் கொஞ்சக் காற்றோடு புகையும் கலந்து தீ சரியாகப் பிடிக்காது. வேகத்தில் காற்று ஏராளமாக வருவதால் அதே கசிவு தெரியவே தெரியாது.

பெட்ரோல் பம்ப், ஃபில்டர் கோளாறுகள் பெரும்பாலும் மேடு ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

சூடானதும் நின்று, ஆறினால் ஸ்டார்ட் ஆகும் வண்டி வேறு கதை. இந்த வரிசையின் ஆரம்பகால வண்டிகளில் ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இக்னிஷன் மாட்யூல், ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே பொருத்தியிருக்கும். இன்ஜினின் சூடு நேராக அதற்கு ஏறும். நின்ற கையோடு ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.