சட்டகம் மாறும், பைட் மாறாது: பழைய தமிழ்த் தளங்களும் மூத்த டெவலப்பரின் கையிருப்பும்

வலைத்தள வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ரியாக்ட் தெரியுமா, லாராவெல் தெரியுமா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவரின் பலம் அந்தச் சட்டகங்களின் (ஃபிரேம்வொர்க்) பெயர்களில் இல்லை. அவர் ஒரு காலத்தில் உழைத்துக் கற்றவற்றில் பல இன்று புழக்கத்திலேயே இல்லை. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2010-இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 கடைசியோடு ஆதரவு நின்றது. பிஎச்பி மொழியில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கான பழைய ஃபங்ஷன்கள் 2015 டிசம்பரில் வெளியான 7.0 பதிப்பில் மொத்தமாக நீக்கப்பட்டன.

நிலைத்து நிற்பது அடித்தளம். ஓர் எழுத்து எப்படி பைட்டாகிறது, அந்த பைட் டேட்டாபேஸில் எப்படி உட்காருகிறது, பிரவுசர் அதை எப்படி வாசிக்கிறது, டொமைன் பெயர் எப்படி சர்வரைக் கண்டுபிடிக்கிறது என்பவை பெரிதாக மாறவில்லை. இந்த அறிவு இருக்கிறதா என்று சோதிக்கப் பழைய தமிழ்த் தளங்களைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 2000-களில் தொடங்கிய சிற்றிதழ்த் தளங்கள், ஊர்ச் சங்கத் தளங்கள், கோயில் தளங்கள் பலவும் பழைய பிஎச்பி-யில் ஓடுகின்றன. பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டதால், ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு நாள் "புதிய சர்வருக்கு மாறுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பும். மாற்றியதும் தமிழ் முழுக்கக் குப்பையாகத் தெரியும். பதற்றத்தில் எதையாவது ஓட்டிப் பார்ப்பவர்கள், மீட்கக்கூடிய தரவை மீட்க முடியாததாக ஆக்கிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைத் தடுப்பதற்காகத்தான்.

குப்பை எப்படி வருகிறது என்று பார்ப்போம். யுனிகோடு எழுத்தை பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். மைஎஸ்க்யூஎல்லில் 2018-இல் 8.0 வரும்வரை, தனியாகச் சொல்லாவிட்டால், டேபிளின் எழுத்துமுறை (கேரக்டர் செட்) ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1. அன்றைய பிஎச்பி நிரல்களில் டேட்டாபேஸுடனான இணைப்பின் எழுத்துமுறையை யாரும் குறிப்பிடவும் இல்லை. அதுவும் லத்தீன்1 ஆகவே இருந்தது. எனவே பக்கத்திலிருந்து வந்த தமிழ் பைட்டுகளை டேட்டாபேஸ் ஐரோப்பிய எழுத்துகள் என நினைத்து அப்படியே வைத்துக்கொண்டது. கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. இரண்டு பக்கமும் ஒரே தவறு என்பதால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. புதிய சர்வரில் இணைப்பு யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8-இன் பெயர்) ஆனதும், அந்த "ஐரோப்பிய எழுத்துகளை" டேட்டாபேஸ் பொறுப்பாக யுடிஎஃப்-8-க்கு மாற்றித் தருகிறது. ஒரு தமிழ்க் குறியீடு இருந்த இடத்தில் மூன்று அன்னிய எழுத்துகள்: முதலில் தலையில் சாய்கோடு போட்ட ரோமன் ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர் அல்லது மேற்கோடு, பிறகு ஏதோ ஒன்று. இந்தத் தோற்றத்தைப் பார்த்ததுமே அனுபவசாலி நிம்மதியடைவார். தரவு இன்னும் உயிரோடு இருக்கிறது, வாசிக்கும் முறைதான் தவறு என்பதற்கு அது அடையாளம்.

திரையைப் பார்த்து முடிவெடுக்காமல், டேட்டாபேஸையே கேட்க வேண்டும். டேபிளின் ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) பைட் நீளத்தையும் எழுத்து நீளத்தையும் எடுத்து ஒப்பிட்டால் போதும். லெங்த், கேர் லெங்த் என்ற இரண்டு ஃபங்ஷன்கள் இதற்கு உண்டு. "அம்மா" என்று மட்டும் தலைப்புள்ள ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து குறியீடுகள்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். எழுத்து நீளம் 5, பைட் நீளம் 15 என்று வந்தால் தரவு சரி; கோளாறு இணைப்பிலோ பக்கத்தின் எச்டிடிபி ஹெடரிலோ இருக்கிறது. 15, 15 என்று வந்தால் லத்தீன்1 பத்தியில் யுடிஎஃப்-8 பைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன, எளிதாகத் திருத்தலாம். எழுத்து 15, பைட் 31 என்று வந்தால் யாரோ ஏற்கெனவே ஒருமுறை தவறாக மாற்றிவிட்டார்கள். இரட்டைக் குறியாக்கம் நடந்திருக்கிறது. பதிவைத் தேடும்போது தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடாமல் அதன் எண்ணைக் கொடுங்கள். நீங்கள் கட்டளை தட்டும் டெர்மினலின் எழுத்துமுறை வேறாக இருந்தால் தேடலே பொய் சொல்லும்.

இப்போது திருத்தம். எல்லாவற்றையும் நகலில்தான் செய்ய வேண்டும்; அசலைத் தொடக்கூடாது.

15, 15 நிலையில் பலர் செய்யும் தவறு, டேபிளை நேரடியாக யுடிஎஃப்8எம்பி4-க்கு "கன்வர்ட்" செய்வது. அது பைட்டுகளை ஐரோப்பிய எழுத்தாக மதித்து மாற்றி, 31 நிலைக்குக் கொண்டுபோய்விடும். சரியான வழி இரண்டு படிகள். முதலில் பத்தியை எழுத்துமுறையே இல்லாத பைனரி வகைக்கு மாற்ற வேண்டும்: டெக்ஸ்ட் என்றால் பிளாப், வார்கேர் என்றால் வார்பைனரி. அதன் பிறகு அதே பத்தியை யுடிஎஃப்8எம்பி4 எழுத்துமுறையுள்ள டெக்ஸ்ட்டாகவோ வார்கேராகவோ மாற்ற வேண்டும். பைட் ஒன்றுகூட நகராது, பெயர்ப்பலகை மட்டும் மாறும். இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. மீடியம்டெக்ஸ்ட் பத்தியை வெறும் பிளாப் ஆக்கினால் 65,535 பைட்டுக்கு மேற்பட்ட நீளக் கட்டுரைகள் வெட்டுப்படும். மீடியம்பிளாப்தான் அதற்கு இணை. அந்தப் பத்தியில் ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் (உரைத் தேடலுக்கான அட்டவணை) இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டு, கடைசியில் மறுபடி போடுங்கள்.

இரண்டாம் படியில் சில பதிவுகளில் 1366 (செல்லாத உரை) என்ற பிழை வரும். காரணம் பழையது. லத்தீன்1-இல் 255 நீளமுள்ள பத்தி என்பது 255 பைட்; தமிழுக்கு அது 85 குறியீடுதான். நீளமான தலைப்புகள் அன்றைக்கே வெட்டுப்பட்டிருக்கும். இடைவெளிக்கு ஒரு பைட் மட்டுமே என்பதால், வெட்டு பெரும்பாலும் ஓர் எழுத்தின் நடுவில் விழுந்திருக்கும். கடைசியில் தொங்கும் ஒன்றிரண்டு பைட்டை நீக்கினால் பதிவு ஏற்றுக்கொள்ளப்படும். இழந்த தலைப்பின் மீதிக்கு அச்சிதழையோ வேறு நகலையோதான் பார்க்க வேண்டும்.

31 நிலையில் எழுத்தை லத்தீன்1-க்குத் திருப்பி, பைனரியாக்கி, யுடிஎஃப்8எம்பி4-ஆக வாசிக்க வேண்டும். ஒரே அப்டேட் வரியில் செய்துவிடலாம் என்பதுதான் ஆபத்து. சர்வர் மாறிய பிறகு யாராவது புதிய பதிவுகள் போட்டிருப்பார்கள். அவை சரியான தமிழில் இருக்கும். அந்த வரி அவற்றின் மேலும் ஓடினால், லத்தீன்1-இல் தமிழுக்கு இடமே இல்லாததால் எல்லாம் கேள்விக்குறியாகும். எனவே குப்பைத் தோற்றம் உள்ள பதிவுகளை மட்டும் தேர்ந்து ஓட்டுங்கள். அதைவிட முக்கியம், கோளாறு தெரிந்த நிமிடமே புதிய பதிவு போடுவதை நிறுத்தச் சொல்வது.

டேட்டாபேஸ் கோப்பைத் தரவிறக்கி, விண்டோஸ் எடிட்டரில் திறந்து, "வேறு எழுத்துமுறையில் சேமி" என்று செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லத்தீன்1-இன் விண்டோஸ் வடிவமான விண்டோஸ்-1252 எழுத்துமுறையில் ஐந்து இடங்கள் காலி. தமிழில் புள்ளி, உகரக் குறி (ு), ஏ, ஐ ஆகியவற்றின் மூன்றாவது பைட் சரியாக அந்தக் காலி இடங்களில் விழுகிறது. மைஎஸ்க்யூஎல் அவற்றைப் பத்திரமாகக் கடத்திவிடும். பல எடிட்டர்களும் மாற்றிகளும் கேள்விக்குறி போட்டுவிடும். அதன் பிறகு போன இடத்தில் இருந்தது புள்ளியா உகரமா என்று எந்த நிரலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றே. ஏ, ஐ இரண்டுக்கும் இதே கதி. புள்ளி மட்டும் போன ஒரு தமிழ்க் கட்டுரையைக் கையால் திருத்துவது என்ன உழைப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

யுனிகோடுக்கு முந்தைய தளங்கள் தனி உலகம். டிஸ்கி, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப், இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் தளங்களிலும் பரவலான பாமினி என்று பல குறியாக்கங்கள். பாமினியில் உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகளே. எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டும். "கொ" என்பது அங்கே என், எஃப், எச் என்ற மூன்று விசைகள்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் க முதலில் வர வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக வேண்டும். அதனால் மாற்றி எழுதுபவர் நீளமான கோவைகளை முதலிலும் தனி எழுத்துகளைக் கடைசியிலும் மாற்ற வேண்டும். வரிசை தவறினால் கொம்பு அநாதையாக நிற்கும். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி, காற்புள்ளிதான் இ. எச்டிஎம்எல் கோப்பு முழுவதையும் மாற்றியில் கொடுத்தால் ஸ்டைல் வரிகளில் உள்ள அரைப்புள்ளிகளெல்லாம் மெய்ப்புள்ளியாகிப் பக்கமே உடையும். பக்கத்தை முறைப்படி அலசி, அந்த எழுத்துரு குறிக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கும் உரையை மட்டும் மாற்றுங்கள். நடுவில் கிடக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு மனிதக் கண் வேண்டும்.

இந்தத் தளங்களில் இன்னொரு கோளாறு: பிஎச்பி-யைப் புதுப்பித்ததும் உரை முழுக்க வெற்றிடமாகிவிடும். எச்டிஎம்எல் குறிகளைச் சாதாரண எழுத்தாகக் காட்ட மாற்றும் (எஸ்கேப்) ஃபங்ஷன், 5.4 பதிப்பிலிருந்து உரை யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது. செல்லாத பைட் ஒன்று இருந்தாலும் எதுவுமே இல்லாத வெற்று உரையைத் திருப்பித் தரும். 8.1-இலிருந்து வெற்றிடத்துக்குப் பதில் மாற்றுக்குறி வரும். டிஸ்கித் தளத்தில் உரை காணாமல்போனால் டேட்டாபேஸைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

திருத்திய பிறகு தேடல் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "கொ"வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. எல்லா உரையையும் என்எஃப்சி (இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியாக்கும் யுனிகோடு) வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஔ எழுத்தை ஒ, ள என்று பிரித்துத் தட்டச்சு செய்திருப்பதை அது தீர்க்காது. அதைத் தனியாகத் தேடித் திருத்த வேண்டும். முகப்பில் கட்டுரைச் சுருக்கம் வெட்டும் நிரல் பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து சிதையும். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் "கொ" வெறும் "க" ஆகும். கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது) கணக்கில் வெட்டும் ஃபங்ஷன் பிஎச்பி-யின் இண்டிஎல் தொகுப்பில் இருக்கிறது.

வேர்ட்பிரஸ் தளமென்றால் முகவரி மாற்றத்தை நேரடி எஸ்க்யூஎல்லில் செய்யாதீர்கள். சீரியலைஸ் செய்த (பல மதிப்புகளை ஒரே உரையாக அடுக்கிய) தரவில் ஒவ்வொரு உரையின் பைட் நீளமும் எண்ணாகப் பதிந்திருக்கும். எச்டிடிபி என்பதில் ஓர் எஸ் கூடினாலே அந்தத் தொகுப்பு வாசிக்க முடியாததாகிவிடும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ-யின் தேடி மாற்றும் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பக்கம் சுருக்கமாக. மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே டிடிஎல்லை (பழைய முகவரி நினைவில் வைக்கப்படும் நேரம்) 86,400 வினாடியிலிருந்து 300-க்குக் குறையுங்கள். நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால் எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற மின்னஞ்சல் தொடர்பான பதிவுகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனால் தளம் நன்றாகத் திறக்கும், அலுவலக மின்னஞ்சல் மட்டும் வராது, யாரும் இரண்டு நாள் கவனிக்க மாட்டார்கள். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். எச்டிடிபிஎஸ்-க்கு லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் வழக்கமாக 90 நாளுக்கு. எச்டிடிபி வழியில் புதுப்பிப்பதாக இருந்தால் 80-ஆம் போர்ட்டை அடைக்கக்கூடாது. காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை அந்த அமைப்பு 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. கண்காணிப்பை நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொழிலில் வளர விரும்பும் இளையவர்களுக்கு: இவை எதற்கும் சான்றிதழ் வகுப்பு தேடி அலைய வேண்டாம். ஒரு பழைய டேட்டாபேஸ் நகலை உங்கள் மடிக்கணினியில் ஏற்றி, மேலே சொன்ன 15, 15 நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி, கெடுத்து, மீட்டுப் பாருங்கள். ஒரு வார இறுதி போதும். நேர்காணலில் சட்டகங்களின் பட்டியலைவிட, நீங்கள் மீட்ட ஒரு தரவின் கதை பேசும்.

தள உரிமையாளர்கள் இன்றே பார்க்க வேண்டியது டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதை. செய்து கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் தொடர்பில் இருக்கும்போதே உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டாட்காம் பெயர் காலாவதியானால், புதுப்பிக்கும் சலுகைக் காலம் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள். அதன் பின் கூடுதல் கட்டணத்துடன் மீட்க 30 நாள். பிறகு ஐந்தே நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். காப்புப்பிரதி இருக்கிறது என்று டெவலப்பர் சொன்னால், அதை வேறொரு கணினியில் ஏற்றி, தமிழில் ஒரு கட்டுரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.