பண்டுவச் செவிலியர்: ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்னும் சொல்லின் பொருளும் வரலாறும்

அமெரிக்காவில் காய்ச்சலுக்கோ சர்க்கரை நோய்க்கோ கிளினிக்குப் போகிறவர்களை உள்ளே உட்கார்ந்து பார்ப்பவர் பல இடங்களில் டாக்டர் அல்லர். சட்டையில் குத்திய பெயர் அட்டையில் பெயருக்குப் பின்னால் என்.பி. என்றோ எஃப்.என்.பி. என்றோ இருக்கும். அவரே விவரம் கேட்கிறார், உடலைச் சோதிக்கிறார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார், இன்ன நோய் என்று முடிவு செய்கிறார், மருந்துச்சீட்டில் தம் கையெழுத்தையே போடுகிறார். இவர்தான் நர்ஸ் பிராக்டிஷனர், சுருக்கமாக என்.பி.; எஃப்.என்.பி. என்பது அதில் குடும்பப் பிரிவு.

இந்தச் சொல்லைக் கணினி மொழிபெயர்ப்புகளும் அவசரத்தில் எழுதப்படும் செய்திகளும் ‘செவிலியர் பயிற்சியாளர்’ என்று தமிழாக்குகின்றன. பயிற்சியாளர் என்றால் நமக்குக் கிரிக்கெட் அணியின் கோச் நினைவுக்கு வருவார்; இல்லையென்றால் இன்னும் பயிற்சி முடிக்காதவர் என்று தோன்றும். ஆறேழு ஆண்டுகள் படித்து, தனியாக நோயாளியைப் பார்க்கும் உரிமம் பெற்ற ஒருவரைக் கற்றுக்குட்டியாகக் காட்டும் இந்தப் பெயர் முழுப் பிழை. நோயாளியின் நம்பிக்கையோடு தொடர்புள்ள பெயர் என்பதால் இதைத் திருத்தியே ஆகவேண்டும்.

பிழை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ‘பிராக்டிஸ்’ என்ற சொல்லின் இரண்டு பொருள்களில் வந்து நிற்போம். கிரேக்கத்தில் ‘செய்தல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. ஒரு கிளை, திரும்பத் திரும்பச் செய்து பழகுவதைக் குறித்தது. வயலின் பிராக்டிஸ், பந்துவீச்சு பிராக்டிஸ் எல்லாம் அந்தக் கிளை. மற்றொன்று, கற்ற தொழிலைப் பொறுப்பேற்று நடத்துவதைக் குறித்தது. ‘ஹைகோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணுகிறார்’, ‘டாக்டர் ஊரிலேயே பிராக்டிஸ் வைத்துவிட்டார்’ என்று நாம் அன்றாடம் சொல்வது இந்த இரண்டாம் பொருளில்தான். நர்ஸ் பிராக்டிஷனரில் இருப்பதும் இதுவே. தமிழிலும் ‘பயில்’ என்பதற்கு ஒரு காலத்தில் இடைவிடாது ஈடுபடுதல், பழகுதல் என்ற பொருள்கள் இருந்தன. இன்று பயில்வது என்றால் படிப்பது மட்டும்தான். ஆகவே பயிற்சி, பயில்வோர் என்ற வழியில் போனால் சரியான சொல் கிடைக்காது.

இனி ‘நர்ஸ்’. லத்தீனில் பாலூட்டி வளர்ப்பதைக் குறிக்கும் வினையே இதன் வேர். பழைய பிரெஞ்சில் பால்கொடுக்கும் தாயைக் குறித்து, பிறகு ஆங்கிலத்தில் நோயாளியைப் பேணுபவரைக் குறித்தது. ஈழத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் ‘தாதி’, சமஸ்கிருதத்தில் பாலூட்டும் தாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமலே ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்கின்றன. ‘தாதி’க்குத் தமிழில் பணிப்பெண் என்ற வேறொரு பொருளும் உண்டு, அது ‘தாசி’யின் திரிபு. இரண்டும் ஒலியில் ஒன்றாகிவிட்டதால் தமிழ்நாட்டில் சிலருக்கு ‘தாதி’ உவப்பாக இருப்பதில்லை. ஈழத்து வழக்கில் அந்த உறுத்தல் கிடையாது. ‘தாதிய உத்தியோகத்தர்’ அங்கே மதிப்பான அரசுப் பதவிப் பெயர்.

தமிழ்நாட்டில் நிலைபெற்ற ‘செவிலி’ சங்க இலக்கியத்தின் வளர்ப்புத்தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். அகப்பாடல்களில் செவிலி கூற்று என்றே ஒரு வகை உண்டு. தலைவியின் உடல் வாடுவதையும் நிறம் மாறுவதையும் முதலில் கவனிப்பவள் அவள்தான். பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து மாற்றத்தைக் கண்டுகொள்ளும் அந்தக் கண் இன்றைய வார்டு நர்ஸுக்கும் வேண்டியது. அதனால் இந்தச் சொல்லைத் தேர்ந்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் மருத்துவச் சூழலில் செவிலியின் வேலைக்குத் தமிழில் இதைவிட நேரான பழஞ்சொல் ஒன்று இருக்கிறது. குறளின் மருந்து அதிகாரம் இப்படி முடிகிறது: “உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.” நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதைச் செலுத்துபவன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள். நான்காமவரான ‘உழைச்செல்வான்’ தான் நர்ஸ். உழை என்றால் பக்கம். மருத்துவனோடு சரிநிகராக வைத்து எண்ணப்பட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பானின் வேலையில் ஒரு பகுதியையும் உழைச்செல்வானே ஏற்றுச் செய்தால் அவரை எப்படி அழைப்பது? நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயர் எழுப்பும் கேள்வி அதுதான்.

அந்தப் பெயர் 1965-இல் பிறந்தது. கொலராடோ மாநிலத்தில் பொதுச் சுகாதார நர்ஸாக இருந்த லொரெட்டா ஃபோர்டு, மருத்துவர்கள் எட்டாத சிற்றூர்களில் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் குழந்தைகளுக்கான கிளினிக் நடத்திய அனுபவம் உள்ளவர். அவரும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் குழந்தை நல நர்ஸ் பிராக்டிஷனருக்கான முதல் படிப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் முதியோருக்கும் ஏழைகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு தரும் மெடிகேர், மெடிகெய்டு சட்டங்கள் வந்தன. சிகிச்சை தேடி வருவோர் கூட்டம் பெருகியது. அவர்களைப் பார்க்க மருத்துவர்கள் போதவில்லை. புதிய படிப்பு பரவியதற்கு அந்தப் பற்றாக்குறை பெரிய காரணம். ஆனால் ஃபோர்டின் எண்ணம், மருத்துவர் விட்டுவைத்த இடத்தை நிரப்புவதோடு நின்றுவிடவில்லை. குழந்தையின் வளர்ச்சி, நோய்த்தடுப்பு, குடும்பத்துக்கு வழிகாட்டல் ஆகியவற்றில் நர்ஸுக்கு ஏற்கெனவே உள்ள அறிவை முழுமையாக்கி, முடிவெடுக்கும் உரிமையையும் அதோடு சேர்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் 2025-இல், 104 வயதில் மறைந்தார். அவரது சொல் பல நாடுகளின் சட்டங்களில் ஏறியதை இருந்து பார்த்துவிட்டே போனார்.

அதே 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் ‘ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்’ படிப்பைத் தொடங்கினார். அதற்கு முன்பே அவரும் தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்சிங் பேராசிரியரும் சேர்ந்து நர்ஸ்களுக்கு உயர்படிப்பு ஒன்றை அமைத்தார்கள். தேசிய நர்சிங் கூட்டமைப்பு அதற்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. பிறகு ஸ்டெட் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்களைப் படிக்கவைத்தார். இரண்டு தொழில்களையும் நம் செய்திகள் இன்றும் குழப்புகின்றன. ஒருவர் மருத்துவரின் துணைவராகவே உருவாக்கப்பட்டவர். மற்றவர் நர்ஸாகப் பணிசெய்து, நர்ஸாகவே இருந்துகொண்டு மேலே படித்தவர். ‘மருத்துவ உதவியாளர்’ என்ற பெயரை நர்ஸ் பிராக்டிஷனருக்கு ஒட்டக்கூடாது.

நர்ஸ் பிராக்டிஷனரை உள்ளடக்கிய பெரிய குடும்பத்துக்கு ‘அட்வான்ஸ்டு பிராக்டிஸ் ரெஜிஸ்டர்டு நர்ஸ்’ என்று பெயர். அதில் நால்வர். மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் இவர்களில் மூத்தவர், 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார். மகப்பேறு பார்க்கும் நர்ஸ்-மிட்வைஃப் அடுத்து. 1925-இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் கென்டக்கி மலைப்பகுதியில் தொடங்கிய சேவையில் இவர்கள் குதிரையேறி வீடுவீடாகப் போனார்கள். குறிப்பிட்ட துறையில் ஆழங்கால்பட்ட ‘கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’ மூன்றாமவர். ஹில்டகார்டு பெப்லாவ் 1954-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநல நர்சிங்குக்கு முதுநிலைப் படிப்பு தொடங்கியதோடு அந்தப் பாதை திறந்தது. நான்காமவரே நம் கட்டுரைக்குரியவர். இந்த நால்வருக்கும் உரிமம், அங்கீகாரம், சான்று, கல்வி ஆகிய நான்கிலும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று 2008-இல் ஒரு பொது உடன்பாடு எட்டப்பட்டது.

கல்விக்கு வருவோம், பெயருக்குக் கனம் சேர்ப்பது அதுதான். முதலில் நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங், பிறகு என்கிளெக்ஸ் தேர்வு எழுதி நர்ஸ் உரிமம். அதன்மேல் இரண்டு மூன்று ஆண்டு முதுநிலைப் பட்டமோ, மூன்று நான்கு ஆண்டு டி.என்.பி. என்னும் முனைவர் நிலைப் பட்டமோ. தொடக்க காலத்தில் பல படிப்புகள் சில மாதச் சான்றிதழாகவே இருந்தன. பட்டம் கட்டாயமானது பிற்பாடுதான். இன்று எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் மூன்று பாடங்களைத் தனித்தனியாகப் படித்தாக வேண்டும்: நோய் வந்த உடல் எப்படி இயங்குகிறது என்பது, தலைமுதல் கால்வரை உடற்சோதனை, மருந்தியல். ஆங்கிலத்தில் மூன்றும் பி எழுத்தில் தொடங்குவதால் மாணவர்கள் ‘த்ரீ பீஸ்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். பழைய நர்சிங் படிப்பு ‘இந்த மருந்தை எப்படிப் பாதுகாப்பாகக் கொடுப்பது’ என்று கற்பித்தது. இந்தப் படிப்பில் ‘இவருக்கு இந்த மருந்து ஏன், இதைவிட்டால் வேறு எது, எப்போது நிறுத்துவது’ என்பதற்கு மாணவர் பதில் சொல்ல வேண்டும். நேரடியாக நோயாளிகளைப் பார்க்கும் நேரம் குறைந்தது 500 மணி என்றிருந்தது; 2022-இல் வந்த தரநிலை அதை 750 ஆக்கியிருக்கிறது.

யாரைப் பார்க்கப் படித்தார்களோ அவர்களை மட்டுமே பார்க்கலாம் என்பதும் முக்கியம். குடும்பம், முதியோர் உள்ளிட்ட பெரியவர்கள், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம் என்று பிரிவுகள் உண்டு. குடும்பப் பிரிவில் படித்தவர் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைக்குப் போக நினைத்தால் மறுபடி படித்துச் சான்று பெறவேண்டும். இந்தியாவில் எம்.எஸ்ஸி. நர்சிங் முடித்து அமெரிக்கா போகும் நம் பிள்ளைகள் இங்கே ஏமாறக்கூடாது. என்கிளெக்ஸ் தேறினால் கிடைப்பது நர்ஸ் உரிமம். நர்ஸ் பிராக்டிஷனர் சான்றுத் தேர்வு எழுத, அதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்திருக்க வேண்டும்.

டி.என்.பி. பற்றித் தமிழில் எழுதுவோருக்கு நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ‘டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்’ என்ற இந்தப் பட்டம் பி.எச்டி. போல ஆராய்ச்சிக்கு உரியதல்ல, தொழிலின் உச்சப் படிப்பு. அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2004-இல் இதையே உயர்பணிக்கான நுழைவுப் பட்டமாக்க வேண்டும் என்றது. மயக்க மருந்து நர்ஸ்களுக்கு 2022 முதல் முனைவர் நிலைப் படிப்பே கட்டாயம். இந்தப் பட்டம் பெற்றவர் நோயாளி முன் தம்மை ‘டாக்டர்’ என்று சொல்லிக்கொள்ளலாமா என்பதில் அங்கே பெரிய சண்டை; சில மாநிலங்களில் சட்டமே குறுக்கே நிற்கிறது. ஆங்கிலத்தில் பட்டத்துக்கும் தொழிலுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த வினை இது. தமிழில் பட்டம் பெற்றவர் முனைவர், நோய் தீர்ப்பவர் மருத்துவர். ‘செவிலியப் பணி முனைவர்’ என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

இவர்களிடம் போகும் நோயாளிக்குப் பாதகம் உண்டா? 2000-இல் வெளிவந்த ஆய்வில் மேரி மண்டிங்கர் குழுவினர் நியூயார்க்கில் 1316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் மற்றவர்களை மருத்துவர்களிடமும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து உடல்நிலையிலும் மனநிறைவிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இது முதல்நிலைச் சிகிச்சை பற்றிய ஆய்வு; எல்லா நோய்க்கும் இதை நீட்டிவிட முடியாது. மருத்துவர் சங்கங்கள் இன்றும் எதிர்க்கின்றன. ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் தொழில் நடத்தும் முழு உரிமையைத் தந்துவிட்டன. ‘மிட்-லெவல் புரொவைடர்’ என்ற சொல்லை இவர்கள் ஏற்பதில்லை. இடைநிலை என்றால் கீழ்நிலை யார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ‘இடைநிலை மருத்துவர்’ என்று நாமும் எழுத வேண்டாம்.

இந்தியாவிலும் இந்தப் பெயர் வந்துவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர்’ இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. மாணவர்கள் பெரும்பகுதி நேரத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிக்கிறார்கள். நம் வழக்கமான எம்.எஸ்ஸி. நர்சிங் முடித்தவர்களில் பலர் வார்டை விட்டுக் கல்லூரி ஆசிரியராகப் போய்விடுகிறார்கள். நோயாளியின் பக்கத்திலேயே ஒருவரை உயர்த்த முனைந்த படிப்பு இது. ஆனால் இவர் மருந்து கொடுப்பது மருத்துவமனை வகுத்த நெறிமுறைக்கு உட்பட்டே. மகப்பேற்றுக்கான ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி’ 2018-இன் வழிகாட்டுதலை ஒட்டி வந்தது. அது பதினெட்டு மாத டிப்ளமா. ஒரே பெயர் ஓரிடத்தில் முனைவர் பட்டத்துக்கும் வேறோரிடத்தில் டிப்ளமாவுக்கும் வழங்குகிறது. உலக நர்ஸ்கள் பேரவை 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் முதுநிலைப் பட்டத்தைக் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கிறது. சிங்கப்பூர் 2003-இலேயே பல்கலைக்கழக முதுநிலைப் படிப்பாகத் தொடங்கிவிட்டது. பெயரை மட்டும் இறக்குமதி செய்து, படிப்பையும் அதிகாரத்தையும் குறைத்துக் கொடுப்பது நம் நர்ஸ்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். கிராம சுகாதாரச் செவிலியர்களின் உழைப்பில் தாய்சேய் நலத்தைக் காத்த தமிழ்நாடு, அவர்களில் விருப்பமுள்ளவர்கள் மேலே படித்து மருந்தெழுதும் நிலைக்கு வர வழி செய்யவேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மருத்துவச் செவிலியர்’ என்றால் எல்லா நர்ஸுக்கும் பொருந்திவிடும். ‘சிறப்புச் செவிலியர்’ என்பது ஸ்பெஷலிஸ்டுக்குப் போய்விடும். ‘உயர்நிலைச் செவிலியர்’ பதவி உயர்வு பெற்ற ஹெட் நர்ஸை நினைவூட்டும். என் தேர்வு ‘பண்டுவச் செவிலியர்’. பண்டுவம் என்றால் வைத்தியம். ‘பண்டுவம் பார்க்கிறது’ என்று சிற்றூர்களில் சொல்வார்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட. நோயறிந்து மருந்து கொடுப்பவர் என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. செவிலியர் என்ற அடையாளமும் போகவில்லை. நால்வரையும் சேர்த்துச் சொல்லும் பெரிய பெயருக்கு ‘உயர்பணிச் செவிலியர்’ என்று வைக்கலாம். பதவியைவிடப் பணியை முன்னிறுத்தவே ‘நிலை’யை விட்டு ‘பணி’யை எடுத்தேன்.

செவிலியர் என்ற பன்மை வடிவம் ஆண்களுக்கும் பொருந்துவதால் ‘பண்டுவச் செவிலி’ என்று ஒருமையில் குறுக்க வேண்டாம். ஈழத்திலும் சிங்கப்பூரிலும் எழுதுவோர் ‘பண்டுவத் தாதியர்’ என்று தம் வழக்கோடு பொருத்திக்கொள்ளலாம். பேச்சில் ‘என்.பி.’ என்ற சுருக்கம் இருக்கட்டும். செய்தியிலும் மருத்துவமனைப் பலகையிலும் பாடநூலிலும் தமிழ்ப் பெயரை முதலில் எழுதி, பழகும்வரை பக்கத்தில் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்றும் போட்டால் போதும்.