போத்தலுக்குள் இருக்கும் பெயர்

முல்லைத்தீவுச் சந்தையில் இறால் நிறுக்கும்போது வந்த கேள்வி இது. கேட்டவர் முப்பது வருடமாக நந்திக்கடலில் விசிறுவலை வீசுகிறவர். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். சிலி நாட்டுக்கு அப்பால் எட்டாயிரம் மீற்றர் ஆழத்தில் புது இறால் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று கைபேசியில் காட்டினாளாம். "மாஸ்ரர், நான் பிடிக்கிறதும் ஒவ்வொண்டு ஒவ்வொரு மாதிரித்தான் இருக்கு. உவங்கள் புதுசு எண்டு என்னத்தை வச்சுச் சொல்லுறாங்கள்?"

தராசு முன்னால் நின்று இரண்டு வரியில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது போதாது என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு திருத்தம். அது இறால் இல்லை, அம்பிப்பொட். இறால் உரிக்கிறவர்களுக்கு வித்தியாசம் உடனே விளங்கும். இறாலின் தலையைப் பிடித்துத் திருகினால் தலையையும் நெஞ்சையும் மூடிய ஓடு ஒரே துண்டாகக் கழன்று வருகிறதல்லவா? அம்பிப்பொட்டுக்கு அந்த ஓடு கிடையாது. இறாலுக்குக் கண் காம்பில் நிற்கும், இதற்குக் கண் இருந்தால் தலையோடு ஒட்டியிருக்கும். உடம்பு இரண்டு பக்கத்தாலும் அமுக்கிவிட்டதுபோலத் தட்டை. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சிலிக்குப் போகத் தேவையில்லை. நம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாளையைக் காலால் கிளப்பிவிட்டால் தெள்ளு மாதிரித் துள்ளுமே, அதே கூட்டம்தான்.

செய்தியில் வந்ததன் பெயர் டல்சிபெல்லா கமன்சாகா. 2023இல், சிலிக்கு அப்பால் கடலடியில் நீண்டு கிடக்கும் ஆழப் பள்ளமான அற்றக்காமா அகழியில், 7,902 மீற்றர் ஆழத்தில் பிடித்தார்கள், 2024இல் பெயர் வைத்தார்கள். நிறம் வெள்ளை, நீளம் 4 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. கிடைத்தவை மொத்தமே நான்கு.

பிடித்த விதம் கரைவலைக்காரருக்குச் சிரிப்பாக இருக்கும். கயிறே கிடையாது. பாரம் கட்டிய சட்டமொன்றில் இரை வைத்த கூடுகளைப் பொருத்திக் கடலில் போட்டுவிடுவார்கள். அது பாட்டுக்கு மணிக்கணக்கில் அமிழ்ந்து அடியில் போய்க் குந்தும். மேலிருந்து சைகை கொடுத்தால் பாரத்தைக் கழற்றி விட்டுவிட்டு மிதந்து வரும்.

10 மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் என்ற பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அங்கே ஒரு சதுர சென்ரிமீற்றரில் கிட்டத்தட்ட 800 கிலோ பாரம். உடம்புக்குள் காற்றறை இல்லாதபடியால் பிராணி நசுங்காது. புரதங்களின் மடிப்புத்தான் குலையப் பார்க்கும். அதைத் தாங்கிப் பிடிக்க ஆழ்கடல் பிராணிகள் திரிமெதைலமீன் ஒட்சைட்டு என்ற பொருளை உடம்பில் சேர்த்து வைக்கின்றன. ஆழம் கூடக் கூட அதுவும் கூடும். மேற்கடல் மீன்களிலும் கொஞ்சம் உண்டு. மீன் செத்தபின் பற்றீரியா அதைச் சிதைக்கும்போது கிளம்புவதுதான் சந்தை வாசலிலேயே மூக்கில் ஏறும் அந்த வாடை.

சரி, கேள்விக்கு வருவோம். அகழிக்குள் ஏன் புதிது இருக்கிறது? அம்பிப்பொட் தாய் தன் முட்டைகளை வயிற்றுப்பக்கப் பையில் வைத்தே பொரிக்கும். நண்டுக்குஞ்சு மாதிரி நீரோட்டத்தில் அலைந்து திரியும் பருவம் இதற்கு இல்லை. வாய்க்கால் தொடர்பில்லாத இரண்டு குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இருப்பது மற்றதற்குப் போக வழியில்லை. ஆழமான அகழிகளும் அப்படித்தான், ஒன்றுக்கொன்று வெகு தூரம். லட்சக்கணக்கான வருடம் பிரிந்து கிடந்தால் உருவமும் மரபணுவும் தனி வழி போய்விடும். மரபணுவை ஒப்பிடுவது இன்று ஆய்வுகூடத்தில் வழக்கமான வேலை, அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது மற்ற வேலை.

நுணுக்குக்காட்டிக்கு அடியில் பிராணியை வைத்து, ஊசிமுனைச் சாவணத்தால் அங்கம் அங்கமாகக் கழற்ற வேண்டும். உணர்கொம்பு இரண்டு சோடி. பிடிக்கும் கால் இரண்டு சோடி, நடக்கும் கால் ஐந்து சோடி, நீந்தும் கால் மூன்று சோடி, வால்பக்கத்தில் இன்னும் மூன்று சோடி. அதைவிட வாய் ஒரு கருவிப்பெட்டி: மேலுதடு, கீழுதடு, கடிக்கும் தாடை, அதற்குப் பின்னால் இரண்டு சோடிச் சின்னத் தாடை, கடைசியில் தாடையாக மாறிப்போன ஒரு சோடிக் கால். பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுவார்கள். மற்றப் பக்கம் பின்னால் வருகிறவர் பார்க்க உடம்போடு இருக்கும்.

கழற்றியதை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கீற வேண்டும். இந்தக் காலத்தில் படம் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கமெரா ஒரு தளத்தைத்தான் தெளிவாகக் காட்டும். மேலே உள்ள மயிர் தெளிந்தால் கீழே உள்ள முள் மங்கும். கீறுகிறவர் குமிழைத் திருகித் திருகி மேலும் கீழும் பார்த்து எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்க்கிறார். அதற்கு நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணாடி பொருத்துவார்கள். அது தாளையும் பிராணியையும் ஒன்றாகக் கண்ணுக்குக் காட்டும். பார்க்கிறவருக்குத் தன் பென்சில் முனை அந்தக் காலின் விளிம்பிலேயே ஊர்ந்து போவதுபோல இருக்கும். இந்தக் கணுவின் பின்விளிம்பில் எத்தனை முள், அந்த நகத்தின் நீளம் அகலத்தில் எத்தனை மடங்கு என்று எண்ணி, அளந்து, இதுவரை எழுதப்பட்ட உறவுக்காரர்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். டல்சிபெல்லாவின் பிடிக்கும் கால்கள் சின்ன அம்பிப்பொட்டுகளைப் பாய்ந்து பிடித்துத் தின்னும் வேட்டைக்கால்கள். அந்த ஆழத்தில் இரைக்கூட்டுக்கு வருபவை பெரும்பாலும் பிணந்தின்னிகள். ஒப்பிட்டுப் பார்த்தபோது உருவமும் மரபணுவும் தெரிந்த எந்தச் சாதியிலும் அடங்கவில்லை, புதுச் சாதியே உருவாக்க வேண்டியதாயிற்று.

சாதி என்றதும் சிலர் நிமிர்வீர்கள். எங்கள் பாடநூலில் இனத்துக்கு மேலே உள்ள படிக்குப் பெயர் சாதி, அதற்கும் மேலே குடும்பம், அதற்கு மேலே வருணம். மொழிபெயர்த்த பெரியவர்களுக்கு வேறு சொல்லே அகப்படவில்லையா என்று வகுப்பில் ஒவ்வொரு முறையும் கூசியிருக்கிறேன். ஒரு ஆறுதல், இங்கே சான்று இருந்தால் யாரையும் எந்தச் சாதிக்கும் மாற்றலாம்.

ஒப்பீடு முடிந்ததும் நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அழகு. பிடித்தவற்றில் ஒரே ஒரு உடலைத் தேர்ந்து, பெயரை அதன்மேல் கட்டிவிடுவார்கள். ஹொலோரைப் என்று அதற்குப் பெயர். இலக்கம் போட்டு நூதனசாலையில் வைத்துவிடுவார்கள். பெயர் கட்டுரையில் உள்ள வர்ணனைக்குச் சொந்தமில்லை, படத்துக்கும் இல்லை, அந்த உடலுக்குச் சொந்தம்.

2010இல் நாங்கள் மீள்குடியேறப் போனபோது காணி முழுக்கப் பற்றை. வேலியும் இல்லை, வீடும் இல்லை. உறுதியில் வடக்கெல்லை என்று எழுதியிருந்த பாலைமரத்தையும் காணோம். கிணறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கிணற்றடியிலிருந்து அடி அளந்துதான் எங்கள் காணி எது, பக்கத்துக் காணி எது என்று பிரித்தோம். ஹொலோரைப் அந்தக் கிணறு. முள்ளின் எண்ணிக்கையை ஒருவர் பிழையாக எழுதலாம். ஒன்று என்று நினைத்தது உண்மையில் இரண்டு இனம் என்று நாளைக்குத் தெரியலாம். அப்போது பழைய பெயர் எதற்குப் போகும் என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. போத்தலைத் திறந்து அந்த உடல் எந்தப் பக்கம் என்று பார்த்தால் தீர்ந்தது.

பெயர் என்ன வைப்பது என்பது கண்டவர்களின் விருப்பம். கமன்சாகா என்றால் அந்தீஸ் மலைப்பக்க மக்களின் மொழிகளில் இருள். மரியானா அகழியில் 6,000 மீற்றருக்குக் கீழே பிடித்த இன்னொரு அம்பிப்பொட்டுக்கு 2020இல் யூரிதீனஸ் பிளாஸ்ரிகஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் குடலில் ஒரு நார். சோடாப் போத்தல் செய்கிற பிளாஸ்ரிக்கோடு ஏறக்குறைய 84 வீதம் பொருந்தியது. மனிதன் அந்த இனத்துக்குப் பெயர் வைக்க முதலே அவனுடைய குப்பை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

புதிது என்றதும் பிறந்ததே இப்போதுதான் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, கடல் அடியிலிருந்து கக்கிவிட்ட பேய் மீன்கள் என்று சில படங்கள் மின்னஞ்சலில் உலகம் சுற்றின. அவை அதற்கு முந்தைய வருடமே, 2003இல், அவுஸ்திரேலியா நியூசிலாந்துக் கடலில் ஆய்வுக் கப்பல் எடுத்த படங்கள். மீன்கள் கோடிக்கணக்கான வருடப் பரம்பரைக்காரர்கள். பேய் எங்கே வந்தது?

காசு விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. கப்பலுக்குக் காசு கிடைக்கும், கமெராவுக்கும் கிடைக்கும். ஒரு மேசையில் குந்தியிருந்து முள் எண்ணுகிறவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் ஆளில்லை. திருகோணமலைத் துறைமுக வாயிலிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே கூட்டை இறக்க முதல், மேலே வருவதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாலு பிள்ளைகளை யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் உருவாக்க வேண்டாமா?

போன ஞாயிறு அந்த மகள் வீட்டுக்கு வந்தாள், கையில் ஒரு ஜாம் போத்தல். சாதாளைக்குள் துள்ளியவற்றைப் பிடித்து, எங்கேயோ வாங்கிய ஃபோமலினில் போட்டிருந்தாள். வெளியே குமிழ்முனைப் பேனையால் பெயர், இடம், திகதி எழுதி ஒட்டியிருந்தாள். ஃபோமலின் மரபணுவைக் கெடுத்துவிடும் பிள்ளை, அடுத்த முறை எதனோலில் போடு என்றேன். பேனை மை அதில் கரையும், ஒட்டுத்தாளும் கழன்றுவிடும். ஆகவே தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே போட்டுவிட வேண்டும். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பென்சில் அழியாதா சேர்?" என்று கேட்டாள்.

காரீயம் எதனோலில் கரையாது.